இடப்பக்கம் திரும்பினால் வீடு

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்குச் சொந்த வீடு கிடையாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். பிறப்பது உம்மாவின் வீட்டில். அந்த வீடு ராத்தாவுக்கோ தங்கச்சிக்கோ சீதனமாகப் போய்விடும். கல்யாணம் முடித்துப் போவது மனைவியின் வீட்டுக்கு. அந்த வீடு மகளுக்குப் போய்விடும். இடைப்பட்ட காலத்தில் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதும், கிணற்றுக்கு மோட்டர் பூட்டுவதும், மழை வந்தால் ஓடு மாற்ற ஏணியில் ஏறுவதும் ஆண்களின் வேலை.

இதில் எனக்குக் கொஞ்சம் கூடுதலான அனுபவம் உண்டு. கிழக்கு இலங்கையின் கல்முனையில் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் முப்பது வருடத்துக்கு மேலாகக் கிளாக்கராக இருக்கிறேன். காணிக்கும் வீட்டுக்கும் எழுதும் பத்திரத்தை நாங்கள் உறுதி என்போம். அடுத்தவர்கள் தங்கள் பெண்பிள்ளைகளுக்கு வீடு எழுதிக் கொடுக்கும் உறுதிகளை அடித்து அடித்தே என் விரல் நுனி தேய்ந்திருக்கிறது. முதலில் தட்டச்சு இயந்திரத்தில் அடித்தேன், இப்போது கம்பியூட்டரில் அடிக்கிறேன். வாசகம் அப்படியே இருக்கும், பெயர்களை மட்டும் மாற்ற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன் என்று பெருமையடித்திருக்கிறேன். அந்தப் பெருமைதான் கடைசியில் என்னை மாட்டிவிட்டது.

வீடு மட்டுமல்ல, எங்கள் குடியும் உம்மா வழியாகத்தான் வருகிறது. குடி என்பது ஒரு தாயின் வழியில் இறங்கி வந்த கூட்டம். ஒரே குடிக்குள் பெண் எடுக்க முடியாது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் பிரதிநிதியாக ஒரு மரைக்காயர் இருப்பார். கந்தூரி விருந்து என்றால் குடி குடியாகத்தான் பங்கு கேட்டு வருவார்கள். இந்தக் கணக்கில் வாப்பா எந்தக் குடி என்று யாரும் கேட்பதில்லை. ஆக, எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் மனைவியும் ஒரே மகளும் ஒரு குடி, நான் வேறு குடி.

மகள் ஆறு வயதில் இதைக் கண்டுபிடித்தாள். ஒரு நாள் நேராக வந்து, "வாப்பா, நீங்க எங்கட ஆளா?" என்று கேட்டாள்.

"ஓம் மகள், ஒங்கட ஆள்தான்."

"அப்ப ஏன் வேற குடி?"

நான் பதில் தேடுவதற்குள் குசினி அடுப்படியிலிருந்து என் மனைவி சத்தமாகச் சொன்னாள். "வாப்பா இஞ்ச வாடகைக்கு வந்தவரு, மகள்!"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பின்னேரத் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனேன். என் கோபம் அப்படித்தான். வாயைத் திறக்காது, தேத்தண்ணியில்தான் காட்டும்.

வாடகைக்கு வந்தவர் என்ற பட்டம் சும்மா கிடைத்ததல்ல. அதற்குப் பின்னால் ஒரு பெரிய மானக்கேடு இருக்கிறது.

என் உம்மாவின் வீடு சாய்ந்தமருதில். மனைவியின் வீடு மருதமுனையில். நான் வேலை செய்யும் கல்முனை இரண்டுக்கும் நடுவில். எங்கள் அலுவலகத்திலிருந்து பிரதான வீதிக்கு ஏறினால் வலப்பக்கம் உம்மா, இடப்பக்கம் மனைவி. பிறந்ததிலிருந்து வலப்பக்கம் திரும்பிப் பழகிய சைக்கிள் என்னுடையது. கல்யாணம் முடிந்து நான்காம் நாள் வேலைக்குப் போனேன். பகல் சாப்பாட்டுக்கு வெளியே வந்தேன். சைக்கிள் வலப்பக்கம் திரும்பிவிட்டது. சைக்கிள்தான் திரும்பியது என்று இன்றைக்கும் சொல்வேன்.

உம்மா என்னைக் கண்டதும், புதுமாப்பிள்ளை பார்க்க வந்திருக்கிறான் என்று பூரித்துப்போனா. விளைமீன் ஆணமும் முருங்கைக்காயும் வைத்துச் சோறு போட்டா. வயிறு நிறையத் தின்றுவிட்டு என் பழைய பாயில் சரிந்தேன். நன்றாகத் தூங்கியும் விட்டேன்.

மருதமுனையில் அன்று எனக்காக இறைச்சி ஆக்கி, கோழி பொரித்து, வட்டிலப்பம் அவித்து, மாமியின் சொந்தக்காரர்கள் எல்லோரும் சவான் என்ற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றிக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வராமல் மாமனார் கை நனைக்க மாட்டேன் என்று இருந்துவிட்டார். பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில் மச்சான் ஒருவர் சைக்கிளில் தேடிக்கொண்டு சாய்ந்தமருதுக்கு வந்து சேர்ந்தார். வாசலில் சைக்கிளைச் சாய்த்தார். பாயில் கிடந்த என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

உம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. "அல்லாஹ்வே! நீ அங்க போகாமயா இஞ்ச வந்த?" என்று தலையில் கை வைத்தா. நான், "எங்கட ஊட்டுக்குத்தானே வந்தன்" என்று தூக்கக் கலக்கத்தில் சொன்னேன்.

"இது ஒன்ட தங்கச்சிட ஊடு, மனே. அவட பேர்ல எழுதியாச்சி. நானே இப்ப அவட ஊட்டுலதான் இரிக்கன். ஒன்ட ஊடு அங்க, எழும்பு!"

அந்த உறுதியை அடித்ததே நான்தான். ஆனாலும் உம்மாவின் வாயால் கேட்டபோதுதான் அது உண்மையாயிற்று. சட்டையை மாட்டிக்கொண்டு மச்சானுக்குப் பின்னால் சைக்கிளை உழக்கினேன். மருதமுனையில் யாரும் ஏசவில்லை. இரண்டாவது தடவையாகச் சாப்பிட வைத்தார்கள், தண்டனை அதுதான். என் மனைவி, அவளுக்கு அப்போது இருபது வயது, வட்டிலப்பத்தைக் கோப்பையில் வைத்துவிட்டு மெதுவாக, "வழி தெரியாட்டி நாளைக்கு ஆள் அனுப்பவா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்தத் தெருவுக்கு நான் 'வழி தவறின மாப்பிள்ளை'. தலை நரைத்த பிறகும் மாப்பிள்ளைதான்.

அதற்குப் பிறகு நான் எந்த வீட்டையும் 'எங்கட ஊடு' என்று சொன்னதில்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று யாராவது டெலிபோனில் கேட்டால், "மருதமுனையில, மனைவிட ஊட்டுல" என்பேன். வைராக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படியெல்லாம் இருந்தும், இந்த வழக்கத்தை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. அலுவலகக் கதிரையில் இருந்து நான் பார்த்தது வேறு. புருசன் வெளிநாட்டுக்குப் போய் வேறொருத்தியுடன் தங்கிவிட்டான் என்று வரும் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுக்குத்தான் திரும்பிப் போகிறாள். நடுத்தெருவில் நிற்பதில்லை. சண்டை வந்தால் எங்கள் பக்கத்தில் பெண் பெட்டி கட்டுவதில்லை, ஆண்தான் கட்டுகிறான். மாமியார் கொடுமை என்று வெளியூர்க்காரர் பேசும்போது எங்கள் பெண்களுக்கு அரைவாசி விளங்காது. ஒரே வளவுக்குள் அக்கா தங்கச்சி வீடுகள் வரிசையாக இருக்கும். பிள்ளை பெற்றவளுக்கு மருந்து இடிக்கவும், காய்ச்சல்காரிக்குக் கஞ்சி வைக்கவும் மதிலால் எட்டிக் கூப்பிட்டால் போதும். பாண்டிருப்பிலிருந்தும் நற்பிட்டிமுனையிலிருந்தும் உறுதி எழுத வரும் தமிழ்ச் சனங்களும் இதே போலத்தான் வீட்டை மகளுக்கு எழுதுகிறார்கள். எங்கள் நொத்தாரிசு ஐயா பாண்டிருப்புக்காரர். அவரும் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறார்.

கடல் பொங்கி ஊரை அள்ளிக்கொண்டு போன பிறகு புது வீடுகள் கொடுத்தார்கள். விண்ணப்பத்தில் குடும்பத் தலைவர் யார் என்று ஒரு கட்டம். வெளியூரிலிருந்து வந்த உத்தியோகத்தர்கள் சில இடங்களில் புருசன்மாரின் பெயரை எழுதிவிட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக வீட்டுக்காரர் ஆகிவிட்ட அந்த ஆண்கள், கூச்சத்தோடு எங்களிடம் வந்ததை நான் மறக்க மாட்டேன். "இது எப்பிடியோ என்ட பேருக்கு வந்திட்டு. பொஞ்சாதிட பேருக்கு மாத்த ஏலுமா?" என்று திருட்டுப்பொருளைத் திருப்பித் தருகிற மாதிரிக் கேட்டார்கள். வராத ஆண்களும் இருந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கெடுதி இல்லையா என்றால், ஏன் இல்லை? பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்கும் முன் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள். நான்கு பெண்கள் பிறந்த வீட்டில் வளவைக் கேக் வெட்டுகிற மாதிரி வெட்டி, கடைசிப் பெண்ணுக்கு ஓர் ஓட்டோ நிற்கும் அகலம்தான் மிஞ்சுகிறது. அந்தப் பெண்களின் அண்ணன்மாரான காக்காமார் கட்டாரிலும் சவூதியிலும் வெயில் குடித்து, கடைசித் தங்கச்சியின் வீட்டுக்குக் கொங்கிரீட் போட்ட பிறகுதான் தங்களுக்குக் கல்யாணம் என்று வந்து நிற்பார்கள். அப்போது தலையில் பாதி முடி இருக்காது. மணப்பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டியவன் ஆண், அவன் அவளிடம் வீடு வாங்கலாமா என்று இளம் மௌலவிமார் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் மிம்பர் மேடையைத் தட்டிப் பேசுகிறார்கள். நியாயம்தான். பேசி முடித்துவிட்டு அவர்களும் மனைவியின் வீட்டுக்குத்தான் சாப்பிடப் போகிறார்கள்.

போன வருடம் எங்கள் முறை வந்தது. மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்தது. நல்ல பொடியன், சாய்ந்தமருதுக்காரன், வேறு குடி. வீட்டை மகளின் பெயருக்கு எழுத வேண்டும். வீடு என் மனைவிக்கு அவளுடைய உம்மா எழுதிக் கொடுத்தது. ஆகவே எழுதிக் கொடுக்கப்போகிறவள் அவள், வாங்கப்போகிறவள் மகள். நான் அடிக்கப்போகிறவன்.

இப்படியான உறுதிகளில் சீவிய உருத்து என்று ஒரு வரி உண்டு. வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தாலும், எழுதிக் கொடுத்தவர் கண்ணை மூடும் வரை அந்த வீட்டில் இருக்கலாம், யாரும் எழுப்ப முடியாது என்பது அதன் கருத்து. வழமையாக அதில் காணிக்காரரின் பெயர் மட்டும்தான் வரும். மனைவி விரும்பினால் புருசனின் பெயரையும் சேர்க்கலாம். சேர்க்கிறவர்கள் குறைவு. யாரும் யோசிப்பதில்லை, புருசன் எங்கே போகப்போகிறான் என்று விட்டுவிடுவார்கள்.

எத்தனையோ பேருக்கு நான் அந்த வரியை அடித்திருக்கிறேன். அதில் விடுபட்டுப் போகிற ஆள் எப்படி இருப்பான் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. என் முறை வந்தபோதுதான் நினைத்தேன். மனைவி எனக்கு முந்திப் போய்விட்டால்? மகள் தங்கம்தான், மருமகன் நல்லவன்தான். ஆனாலும் நான் இருக்கப்போவது அவர்களின் தயவில். வலப்பக்கம் தங்கச்சியின் வீடு, இப்போது அது அவளுடைய மகளின் வீடு. இடப்பக்கம் என் மகளின் வீடு. நடுவில் இருப்பது கல்முனை பஸ் டிப்போ.

வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, யாருடையதோ கதை போல, "சீவிய உருத்து எப்பிடிப் போடுற?" என்று மட்டும் கேட்டேன்.

மனைவி மீனில் முள்ளெடுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. "வழமையாப் போடுறதப் போடுங்க."

அவ்வளவுதான். அன்றும் தேத்தண்ணி குடிக்கவில்லை. அடுத்த நாள் அலுவலகத்தில் அந்த வரிக்கு வந்தபோது விரல் நின்றது. பிறகு வழமையாகப் போடுவதைப் போட்டேன். அவள் பெயர் மட்டும். முப்பது வருடம் வாழ்ந்த வீட்டின் உறுதியில் என்னை நானே விட்டுவிட்டு, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அழுகை வரும்போல் இருந்தது.

கையெழுத்து வைக்கும் நாள் மனைவியும் மகளும் வந்தார்கள். சாட்சிக்குப் பக்கத்துப் புடவைக் கடையிலிருந்து இரண்டு பேர். நொத்தாரிசு ஐயா வழக்கம்போல் மூக்குக் கண்ணாடியை இறக்கி, உறுதியை உரத்து வாசித்துக் கருத்துச் சொல்லிக்கொண்டு வந்தார். சீவிய உருத்துக்கு வந்ததும், "அதாவது தங்கச்சி, வீடு மகள்ட எண்டாலும், நீங்க மௌத்தாகிற வரைக்கும் இதில இரிக்கலாம். ஒருத்தரும் எழுப்பேலாது" என்றார்.

"இவருக்கு?" என்று என் மனைவி கேட்டாள்.

"எவருக்கு?"

"இவருக்குத்தான்." பேனையால் என்னைக் காட்டினாள்.

ஐயா கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவர்ட பேரு இதில இல்லயே."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏன் போடல்ல?"

"நீங்கதானே வழமையாப் போடுறதப் போடச் சொன்ன," என்றேன். என் குரல் எனக்கே சிறுபிள்ளைக் குரலாகக் கேட்டது.

"வழமையெண்டா நீங்க இல்லாமயா?" அவள் பேனையை மேசையில் வைத்தாள். "முப்பது வருசமா நீங்க இல்லாம எனக்கென்ன வழமை இரிக்கி? இதுல நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

சாட்சிக்காரர் இருவரும் கூரையைப் பார்த்தார்கள். மகள்தான் முதலில் சிரித்தாள். "வாப்பா, நீங்களே அடிச்சி நீங்களே ஒங்கள உட்டுட்டீங்களா?"

"கேட்டா வாயில முத்து உதிருமா இவருக்கு?" என்று மனைவி ஐயாவிடம் முறைப்பாடு வைத்தாள். "தேத்தண்ணியக் குடிக்காம போனா நான் என்னெண்டு விளங்குற? பேரப் போடுங்க, சேர். இல்லாட்டி வயசு போன காலத்துல அண்டைக்கு மாதிரி உம்மாட ஊடு எண்டு சாய்ந்தமருதுக்குப் போய்ப் படுத்திருவாரு."

ஐயா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு கடதாசியை என்னிடம் நீட்டி, "திருத்து தம்பி" என்றார். நான் எழும்பும்போது மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "என்ட மனிசி எழுதினதிலயும் என்ட பேரு இல்ல. நானும் கேக்கல்ல."

அந்த ஒரு வரியைத் திருத்த எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. எத்தனையோ ஆயிரம் பெயர் அடித்தவனுக்குத் தன் பெயர் வரவில்லை. முதல் தடவை ஓர் எழுத்து விடுபட்டது, இரண்டாம் தடவை வேறோர் எழுத்து. கண்ணில் தண்ணீர் நின்றால் கம்பியூட்டர் திரையில் ஒன்றும் தெரியாது. மகள் பின்னால் நின்று, "வாப்பா, நான் அடிக்கவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

எல்லாம் முடிந்தபோது பகல் சாப்பாட்டு நேரம். மகள் தன் ஸ்கூட்டியில் முன்னால் போய்விட்டாள். மனைவி என் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டாள். பிரதான வீதி முகப்பில் நிறுத்தி, பஸ் ஒன்று போகக் காத்து நின்றோம். அவள் என் தோளைத் தட்டினாள்.

"எடப்பக்கம்."

"தெரியும்."

"அண்டைக்கும் தெரியாமயா போனீங்க?"

நெஞ்சு நிறைந்திருந்ததால் வைராக்கியத்தை விட்டுவிட்டு, அத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கேட்டேன். "எங்கட ஊட்டுக்குத்தானே?"

பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸும் போய்விட்டது.

"மகள்ட ஊட்டுக்கு," என்றாள் பிறகு. "இண்டையில இரிந்து நானும் ஒங்களப் போல வாடகைக்கு வந்தவதான்."

சிரிப்பாகத்தான் சொல்ல நினைத்திருப்பாள். ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைப்பது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. அவள் பிறந்த வீடு அது. அவளுடைய உம்மா மௌத்தானதும் அந்த வீட்டில்தான், எங்கள் மகள் முதலடி வைத்ததும் அங்கேதான். கையெழுத்து வைத்துவிட்டு அழும் உம்மாமாரை முப்பது வருடமாகப் பார்த்து வந்திருக்கிறேன். மகளுக்குக் கொடுத்த சந்தோசத்தில் அழுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டிலும் ஒருத்தி கையெழுத்து வைக்கப்போகிறாள் என்பது, என் பெயரையே நினைத்துக்கொண்டிருந்த எனக்குத் தோன்றவே இல்லை. "நானே இப்ப அவட ஊட்டுலதான் இரிக்கன்" என்று அன்றைக்கு என்னை எழுப்பிவிட்ட உம்மாவையும் அப்போதுதான் நினைத்தேன்.

தோளில் இருந்த அவள் கையைப் பிடித்தேன். நட்ட நடு வீதியில், நாலு பேர் பார்க்க, இந்த வயதில். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"போங்க, சோறு ஆறுது," என்றாள்.

ஒரு கையாலேயே மோட்டார் சைக்கிளை இடப்பக்கம் திருப்பினேன்.